நீல நோட்டும் பச்சை நோட்டும்

ஆம்பூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள செண்பகம் அக்காவுக்குத் தம்பி தேவசகாயம் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் ஹெலனும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தங்கவயலில் இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி என்று பேப்பரில் பார்த்தேன். கம்பளிக் காலுறை போடாமல் காலையில் தரையில் கால் வைக்க வேண்டாம்.

உங்கள் மகள் அனுப்பிய கேக் உடையாமல் வந்து சேர்ந்தது. ஹெலன் இரண்டு துண்டு சாப்பிட்டாள். நவம்பர் கடைசியில் வேலூரில் அவள் தம்பி மகள் ஷர்மிளாவின் கல்யாணம் நடந்ததல்லவா? அதற்கு நீங்கள் வர முடியாமல் போனதில் அவளுக்கு வருத்தம். பெண்ணின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தாள். ஏழு வருஷமாகப் பார்க்கின்சன் நோயில் ஆடிய கை அன்று ஆடவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

மறதிதான் கொஞ்சம் கூடியிருக்கிறது. போன வருஷமே வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்காரர்களில் சிலருக்கு மறதியும் வரும் என்று சொல்லியிருந்தார்கள். சாயங்காலத்தில் பீரோ மேல் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறாள். "எறங்கச் சொல்லுங்க, வுழுந்துடப் போவுதுங்க" என்கிறாள். நானும் பீரோவைப் பார்த்து இறங்கச் சொல்கிறேன். அப்படிச் செய்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயம். கொஞ்ச நாளைக்கு நீங்கள் போன் செய்ய வேண்டாம். இங்கே டவர் சரியில்லை. கடிதமாகவே எழுதுங்கள். மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி
தேவசகாயம்

*

ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்
27 ஜனவரி 2025

அன்புத் தம்பி சகாயத்துக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்காலும் நானும் தினமும் சண்டை போடுகிறோம். இதுவரை அது ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

ஆம்பூரில் டவர் இல்லையா? என் மருமகன் சிரிக்கிறார். போன வாரம்தான் அந்த வழியாகச் சென்னைக்குப் போனவர், ஊர் நெடுகப் பேசிக்கொண்டே போனாராம். உனக்குப் பொய் சொல்ல வராது, சகாயம். எழுபத்திரண்டு வயசில் புதிதாகப் பழகாதே.

கௌசர் எப்படி இருக்கிறாள்? எந்தக் கடிதமானாலும் "கௌசர் வந்து ஹெலனுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுகிறாள்" என்று ஒரு வரி எழுதுவாய். இந்தத் தடவை அந்த வரி இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லையா? பக்கத்து வீட்டில் அப்படி ஒருத்தி இருப்பது உங்களுக்குக் கிடைத்த பாக்கியம். அவள் புருஷன் ஷபீ அஹமது உன்னோடு தோல் டேனரியில் வேலை பார்த்த உறவை அவர் இறந்த பிறகும் விடாமல் காப்பாற்றுகிறாள்.

ஹெலனை நான் கேட்டதாகச் சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
செண்பகம்

*

ஆம்பூர்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். இருவரும் சுகமாக இருக்கிறோம். இருப்பதாகத்தான் எழுத வேண்டும்.

பெங்களூரிலிருந்து பையன் ஆல்வின் இரண்டு நாள் வந்து போனான். வந்த அன்று சாயங்காலம் அவன் அம்மா, கூடத்தில் யாரோ நாலு பேர் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று விளக்குமாற்றால் விரட்டினாள். இப்போது வருகிறவர்கள் பிள்ளைகள் இல்லை, அக்கா. பெரியவர்கள். அவளுக்குப் பயமாக இருக்கிறது. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது, சொல்ல வந்தது பாதியில் நிற்கிறது. ஆல்வின் மொட்டை மாடிக்குப் போய்விட்டான். இறங்கி வந்து, "நீங்க ஒருத்தரே சமாளிக்க முடியாதுப்பா" என்றான். கணியம்பாடிப் பக்கம் மறதி நோயாளிகளை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்று இருக்கிறதாம். விசாரித்து வைத்திருக்கிறான்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தோம். நோயின் போக்கு இப்படித்தான் இருக்கும் என்றார்கள். மாத்திரை நேரங்களை எழுதி வைக்கும் என் நீல நோட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதுவதில்லை என்று பாராட்டினார்கள். அது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

சமையல் நானே செய்கிறேன். ரசம் பழகிவிட்டது. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா?

தம்பி
தேவசகாயம்

*

தங்கவயல்
4 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு அக்கா. நலம். எண்ணெய் தடவுகிறேன்.

கௌசரைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் இல்லை. நீ ரசம் வைப்பதாக எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அவள் வீட்டிலிருந்து குழம்பு வருவதில்லை. நீ அவளோடு சண்டை போட்டிருக்க முடியாது, உனக்குச் சண்டை போடத் தெரியாது. என்ன நடந்தது? எழுதாவிட்டால் முழங்கால் போனாலும் போகட்டும் என்று பஸ் ஏறி வந்துவிடுவேன்.

அக்கா

*

ஆம்பூர்
21 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு, நீங்கள் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். தயவு செய்து பஸ் ஏற வேண்டாம். எழுதிவிடுகிறேன். மூன்று தாள்களைக் கிழித்த பிறகு இந்தத் தாள்.

ஹெலன் என்னைச் சந்தேகப்படுகிறாள். கௌசரையும் என்னையும்.

ஜனவரி முதல் வாரத்திலேயே இது ஆரம்பித்துவிட்டது. அவள் வந்து தலை வாரும்போது ஹெலன் சீப்பைப் பிடுங்கி எறிந்தாள். கௌசர் சிரித்துக்கொண்டே பொறுக்கிக்கொண்டாள். ஆனால் மூன்றாம் நாள் ஹெலன் தெருமுனை வரைக்கும் சுவரைப் பிடித்தபடி நடந்தே போயிருக்கிறாள். அது கம்பெனி பஸ் வரும் நேரம். கௌசர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குக் கீழே வேலை செய்யும் பெண்கள் இருபது பேர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ஹெலன் சொன்னதை நான் எழுத மாட்டேன். நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் வாயில் நான் கேட்காத சொற்கள். கௌசர் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அதன் பிறகு வரவில்லை. நான் போய் என்ன சொல்வது? நான் அவள் வீட்டு வாசலில் நின்றாலே ஹெலன் சொன்னது மெய்யாகிவிடாதா?

டவர் நன்றாகத்தான் இருக்கிறது. போன் மணி அடித்தால் கௌசர்தான் என்று ஹெலன் நடுங்குகிறாள். அதனால்தான் அப்படி எழுதினேன்.

சாப்பாட்டில் நான் ஏதோ கலப்பதாகவும் சொல்கிறாள். ஒவ்வொரு மாத்திரைக்கும் அரை மணி நேரம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஆல்வின் அந்தக் கணியம்பாடி இல்லத்தில் இடம் சொல்லிவிட்டான். ஜூன் முதல் தேதி கொண்டுபோய் விட வேண்டும். அதுவரை அவள் அமைதியாக இருப்பதற்கு அங்கே வரும் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாராம், ஆல்வின் கூரியரில் அனுப்பியிருக்கிறான். வந்து ஒரு வாரம் ஆகிறது. கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். மாத்திரைப் பட்டையைப் பிரிக்கவில்லை.

அங்கே போனால் அவள் திரும்பி வரமாட்டாள், அக்கா. எனக்குத் தெரியும். ஆனால் இங்கே நான் இருப்பதே அவளுக்கு வேதனை என்றால், அவளை விடமாட்டேன் என்று நான் எப்படிச் சொல்வது?

தம்பி
தேவசகாயம்

*

தங்கவயல்
2 ஏப்ரல் 2025

என் அன்புத் தம்பிக்கு அக்காவின் முத்தங்கள். உன் கடிதத்தை மகளிடம்கூடக் காட்டவில்லை. முதலில் சிரித்தேன், மன்னித்துக்கொள். உனக்குப் பெண் பார்க்கப் போன அன்று ஹெலன் காப்பி கொண்டுவந்து வைத்தபோது நீ அவள் அப்பாவைப் பார்த்து "தேங்க்ஸ்" சொன்னவன். பிறகு அழுதேன்.

அது ஹெலன் இல்லை. அவளை எனக்குத் தெரியும். கோபக்காரிதான், ஆனால் யாரையும் கேவலப்படுத்த மாட்டாள். நீ ஒன்று செய். அவள் எந்த மாதத்திலிருந்து இப்படி ஆனாள்? வருஷக் கணக்காக ஊர்ந்து வந்த நோய் திடீரென்று ஏன் ஓடியது? நான் படிக்காதவள் மாதிரிக் கேட்கிறேன். நீ முப்பத்தாறு வருஷம் டேனரி லேப்பில் இருந்தவன். நல்ல தோல் ஒரு லாட் மட்டும் கெட்டு வந்தால் தலைவிதி என்று விட்டுவிடுவாயா? அந்த லாட்டின் குறிப்புக் கார்டை எடுத்துப் பின்னாலிருந்து படிப்பேன் என்று நீதானே சொல்வாய்? அப்படிப் படி. அதற்குள் அந்தப் பட்டையைப் பிரிக்காதே.

அக்கா
செண்பகம்

*

ஆம்பூர்
24 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு, ஈஸ்டர் வாழ்த்துகள். கோயிலுக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே ஜெபித்தோம், ஹெலன் பாதியில் எழுந்து போய்விட்டாள்.

நீங்கள் சொன்னபடி படித்தேன். இதை எழுதக் கை வரவில்லை என்பதால் மூன்று வாரம் ஆயிற்று.

எங்கள் டேனரியில் ஒவ்வொரு லாட்டுக்கும் இரண்டு கார்டு உண்டு. டிரம்மில் பதப்படுத்தும் பிரிவுக்கு நீலக் கார்டு. சாயமும் பளபளப்பும் ஏற்றும் பிரிவுக்குப் பச்சைக் கார்டு. ஒரு பிரிவின் கார்டை இன்னொரு பிரிவுக்குக் காட்டக்கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் முழுச் செய்முறையையும் அடுத்த கம்பெனிக்குச் சொல்லிவிடலாம் என்பதால் முதலாளி வைத்த சட்டம் அது. இரண்டையும் கையாண்ட லேப்காரன் நான் ஒருவன். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இன்னொரு சட்டமும் உண்டு. கார்டில் ஏறியதை மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் நிறுத்தக்கூடாது.

வீட்டிலும் அப்படியே இரண்டு நோட்டு வைத்தேன். வேலூர் ஆஸ்பத்திரி மருந்துகளுக்கு நீலம். இந்த ஊர் கிளினிக் டாக்டர் கொடுப்பவற்றுக்குப் பச்சை. சளி, வயிற்றுக் கோளாறு, அந்த மாதிரி. ஒரு டாக்டரின் நோட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டுவது மரியாதை இல்லை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. யோசிக்கவே இல்லை.

இப்போது முதல் தடவையாக இரண்டையும் ஒரே மேஜையில் விரித்தேன்.

பச்சையில், நவம்பர் 4: நடுக்கத்துக்கு டிரைஹெக்சிபெனிடில், சின்ன வெள்ளை மாத்திரை, நாளுக்கு இரண்டு, ஒரு மாதம். நவம்பர் 18 முதல் நாளுக்கு மூன்று. நீலத்தின் ஓரக் குறிப்புகளில், டிசம்பர் 1: வாய் உலர்கிறது. டிசம்பர் 9: பீரோ மேல் பிள்ளை. ஜனவரி 3: சீப்பு.

ஒரு மாதம் என்றுதான் எழுதியிருக்கிறது. நான் இன்று காலை வரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நிறுத்தச் சொல்லி யாரும் கையெழுத்துப் போடவில்லை. தீரத்தீர வாங்கிவந்தேன்.

இந்த மாத்திரையை நான்தான் கேட்டு வாங்கினேன், அக்கா. கல்யாணத்தில் அவள் கை ஆடாமல் இருக்க ஏதாவது கொடுங்கள் என்று நானாகப் போய்க் கேட்டேன். என்னை விஷம் வைக்கிறவன் என்று அவள் சொன்னபோதெல்லாம் மனம் புண்பட்டேன்.

ஆனால் நான் கண்டது தப்பாகவும் இருக்கலாம். நான் படித்தது வேதியியல், மருத்துவம் இல்லை. ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தால் ஒன்றால் ஒன்று வந்தது என்று ஆகாது. ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னால், இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். நானாக நிறுத்தவும் தைரியம் இல்லை. அடுத்த முறை வரச் சொன்ன தேதி ஜூலையில்தான். அதற்குள் ஜூன் வந்துவிடும்.

தம்பி

*

தங்கவயல்
29 ஏப்ரல் 2025

சகாயம், ஜூலை வரை உட்காராதே. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை போ. இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு போ. திட்டினால் வாங்கிக்கொள். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை. உன் தப்பா இல்லையா என்று பிறகு உட்கார்ந்து யோசித்துக்கொள்ளலாம், அதற்கு உனக்கு ஆயுசு இருக்கிறது.

மற்றவை நேரில். எல்லோரும் சுகம்.

அக்கா

*

ஆம்பூர்
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு, நமஸ்காரம். உங்கள் கடிதம் ஐந்தாம் தேதி கிடைத்தது. ஆறாம் தேதி போகவில்லை. ஏழாம் தேதி போனேன்.

தேதி இல்லாமல் போனதால் மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். ஹெலன் வரிசையில் இருந்த எல்லோரிடமும் என்னைத் தன்னுடைய டிரைவர் என்று சொன்னாள். எனக்கு அது பரவாயில்லை, டிரைவர்மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

இந்தத் தடவை பார்த்தது உமைமா என்ற டாக்டர். முப்பது வயசுதான் இருக்கும். நீல நோட்டைக் கொடுத்தேன். வழக்கம்போல நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். பச்சை நோட்டு என் மடியில் இருந்தது. அதை எடுத்து மேஜையில் வைக்க எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. அவர் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட வாய் திறந்தபோது வைத்தேன்.

அவர் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"சார், இத எவ்ளோ நாளா குடுக்கறீங்க?"

"ஆறு மாசமா, மேடம்."

"ஒரு மாசம்னுதானே போட்டிருக்கு?"

"நிறுத்தச் சொல்லி யாரும் எழுதலை."

நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை, அக்கா. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஹெலனின் நாக்கைப் பார்த்தார், மலச்சிக்கல் உண்டா என்று கேட்டார், யார் யார் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்று ஹெலனிடமே கேட்டார். ஹெலன் அந்த அறையிலேயே இரண்டு பேரைக் காட்டினாள். பிறகு எனக்கு விளக்கினார். இந்த மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கும், ஆனால் வயசானவர்களுக்கு, அதிலும் மறதி உள்ளவர்களுக்கு, புத்தியைக் கலக்கிவிடும். இல்லாத ஆட்கள் தெரிவார்கள், இல்லாத சந்தேகம் வரும். எல்லாமே இதனால்தான் என்று இப்போது சொல்ல முடியாது, நோயிலும் அப்படி வருவதுண்டு. முதலில் இதை நிறுத்திப் பார்ப்போம். ஆனால் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக. கை மறுபடி ஆடும், பரவாயில்லையா என்றார். பரவாயில்லை என்று ஹெலனைக் கேட்காமல் நானே சொன்னேன்.

கூரியரில் வந்த பட்டையையும் காட்டினேன். எத்தனை கொடுத்தீர்கள் என்று கொஞ்சம் வேகமாகக் கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை என்றதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த நோய்க்காரர்களுக்கு அதைக் கொடுத்தால் உடம்பு கட்டையாய் இறுகி, விழுங்கக்கூட முடியாமல் போகலாமாம். பட்டையைத் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

மாத்திரை குறைக்கும் கணக்கைப் பச்சை நோட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். போட்டுவிட்டு, இனிமேல் எல்லா டாக்டர் மருந்துக்கும் ஒரே நோட்டு என்றார்.

ஆல்வினிடம் எல்லாம் சொன்னேன். ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறான். இல்லத்தில் ஜூலை முதல் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறான். குறைக்க ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. இன்னும் மாற்றம் தெரியவில்லை. நேற்று என் தட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டாள்.

தம்பி
தேவசகாயம்

*

ஆம்பூர்
13 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு, நீங்களும் மகளும் மருமகனும் சுகமென நம்புகிறேன். இங்கே சுகம். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் கடைசி மாத்திரையும் நின்றது. அதற்குச் சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஹெலன் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துகொண்டே, பிள்ளைகளை இறங்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "எந்தப் பிள்ளைங்க?" என்றாள். "துணி அடைச்சுக் கதவு மூடல, அதத்தான் பாக்கறேன்." நான் போய்க் கதவை அழுத்தி மூடினேன். 

முழுதும் போய்விடவில்லை, அக்கா. இரண்டு நாளைக்கு ஒரு தடவை வாசலில் யாரோ நிற்பதாகச் சொல்கிறாள், உற்றுப் பார்த்துவிட்டு இல்லை என்று தானே சொல்லிக்கொள்கிறாள். ஆல்வின் மகள் பெயர் மறந்துபோகிறது. கை மறுபடி ஆடுகிறது, டீயில் பாதி தட்டில்தான். டாக்டர் உமைமா எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது என்றார். இனி மோசமாகவே ஆகாதா என்று கேட்டேன். அப்படி யாராலும் சொல்ல முடியாது சார், ஆனால் இப்போதைக்கு நிம்மதியாக இருங்கள் என்றார். இருந்து பார்க்கிறேன்.

ஆல்வின் ஜூன் கடைசி ஞாயிறு வந்தான். அவன் அம்மா, "தாடி வெச்சினு இன்னாடா கோலம்" என்று அவனைத் திட்டினாள். அவன் அன்றைக்கே இல்லத்துக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். நாங்கள் இருவரும் அப்படியெல்லாம் பழக்கமில்லாதவர்கள்.

கௌசர் வீட்டுக்கு நான் போனேன். வாசலிலேயே நின்று, ஆஸ்பத்திரியில் சொன்னதைப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். பிறகு, "பஸ்ல எங்க பொண்ணுங்க ஒரு வாரம் சிரிச்சாங்க அண்ணா. போயும் போயும் லேப் சாரான்னு" என்றாள். சொல்லிவிட்டு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நாள் காலையில் சீப்போடு வந்தாள். ஹெலனுக்குத் தான் பேசியது பாதி நினைவிருக்கிறது போல. கௌசரின் கையைத் தடவிக்கொடுத்து, "ஏதோ பேஜாராப் பேசிட்டேன் இல்ல?" என்று மட்டும் கேட்டாள். கௌசர், "எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றாள்.

இனி ஒன்றுதான் பாக்கி. இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

அந்த மாத்திரையை நான்தான் கேட்டு வாங்கினேன் என்று ஹெலனிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. தினமும் சொல்ல நினைத்துப் பயந்தேன். தெளிந்து வந்தவளைக் கலக்கிவிடுவேனோ, அல்லது மறுபடி விஷம் வைத்தவனாகிவிடுவேனோ என்று. முந்தாநாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஆரம்பித்துவிட்டேன். ஆறு மாதமும் உன்னைக் கெடுத்தது ஒரு மாத்திரை, அதை உனக்கு வாங்கிக் கொடுத்தவன் நான், கல்யாணத்தில் உன் கை ஆடக்கூடாதென்று நானாகப் போய் டாக்டரிடம் கேட்டேன் என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை பழைய பார்வை.

"நீங்களாப் போனீங்க?" என்றாள். "ஷர்மிளா கல்யாணத்துல கை ஆடுனா சனங்க பாப்பாங்க, போயி ஏதாச்சும் வாங்கினு வாங்கன்னு நான்தானே தொரத்துனேன். கூட்டமா இருக்குன்னு கிளினிக் வாசல்லேர்ந்து ரெண்டு தபா திரும்பி வந்தீங்க. மூணாவது தபா வந்தா சோறு கெடையாதுன்னேன். நீங்களா ஒரு டாக்டராண்ட போயி எதுனா கேட்டிருக்கீங்களா, உங்க ஜென்மத்துல?"

இரண்டு தடவை திரும்பி வந்தேன், அக்கா. அது உண்மை. எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது.

அவள் பாயில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஆடும் கை என் முழங்கால்மேல் இருந்தது. அவள் எழும்வரை நான் நகரவில்லை.

இனி எப்போது வேண்டுமானாலும் போன் செய்யலாம். ஹெலனே எடுப்பாள்.

என்றும் உங்கள் தம்பி
தேவசகாயம்